மேல் அம்புக்குறி

அழித்த ஃபைல் திரும்பி வந்தது. முதல் முறை, தூக்கக் கலக்கத்தில் வேறு எதையோ அழித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை கவனமாக அழித்தேன். போய்விட்டதா என்று பார்த்தேன், போயிருந்தது. உள்ளங்கையளவு குட்டிக் கணினியான என் ராஸ்பெரி பையை ரீஸ்டார்ட் செய்தேன். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே ஃபைல், அதே தேதியோடு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். 'இருக்கியா' என்ற பெயரில் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கினேன். இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். இல்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

என் ராஸ்பெரி பை செய்யும் வேலை மிகச் சின்னது. வெளியே நிழலான மூலையில் தொங்கும் ஒரு வெப்பநிலை சென்சாரை நிமிடத்துக்கு ஒரு முறை படித்து, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்க்கும். அதே எண்ணை லேப்டாப்புக்கும் அனுப்பும். திரையின் ஓரத்தில் அன்றைய கோடு ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் எதையும் சேமிக்காது, வரைந்து காட்டுவதோடு சரி. நாளுக்கு 1,440 வரி என்று மூன்று வருடத்தில் 15 லட்சத்து 76 ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அத்தனையும் இருந்தது கட்டைவிரல் நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றில்.

தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி 9 நாளுக்கு முந்தையது. அந்த 9 நாளும் லேப்டாப்பில் கோடு என்னவோ அழகாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடந்தது இதுதான். 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தத் துண்டுக்குள் ஃபிளாஷ் நினைவகம் மட்டும் இல்லை, அதை மேய்க்க ஒரு குட்டி கன்ட்ரோலரும் இருக்கிறது. ஃபிளாஷில் ஒரு விசித்திரம் உண்டு: சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் நிறையப் பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொரு அழிப்பிலும் பிளாக் கொஞ்சம் தேய்கிறது. ஒரே இடம் தேய்ந்து போகாமல் கன்ட்ரோலர் வேலையைச் சுற்றிச் சுற்றிப் பங்கிட்டுக் கொடுக்கும். கெட்டுப்போன பிளாக்குகளுக்குப் பதிலாகக் கையிருப்பில் இருப்பவற்றை எடுத்துப் போடும். கையிருப்பும் தீர்ந்துவிட்டால் பல கார்டுகள் இனிமேல் எழுத விடமாட்டேன் என்று தம்மைப் பூட்டிக்கொள்ளும். இதில் ஒழுங்கான கார்டு பிழை காட்டும். என்னுடையது போன்றவை 'எழுதிவிட்டேன்' என்று தலையாட்டிவிட்டு ஒன்றுமே எழுதாமல் இருக்கும். பையை இயக்கும் லினக்ஸ் அதை நம்பி, தன் தற்காலிக நினைவகமான ரேமில் வைத்திருக்கும் பிரதியையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் போய்த் திரும்பும் போது ரேம் காலி, கார்டில் இருக்கும் பழைய உலகம் மறுபடி எழுந்து வருகிறது.

கார்டைத் திட்டிப் பயனில்லை. இந்த வகைக் கார்டுகள் கேமராவுக்குப் பிறந்தவை. பெரிய படத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த படம் வரை சும்மா இருப்பதுதான் அவற்றின் சுபாவம். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் ராஸ்பெரி பை வந்தபோது, விலையைக் குறைக்க ஹார்டு டிஸ்க் இல்லாமல், முழு அளவு எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும்படி வடிவமைத்தார்கள். 2014இல் வந்த பி பிளஸ் மாடலில் அது மைக்ரோ எஸ்டியாகச் சுருங்கியது. அதாவது, எப்போதாவது படம் எழுதும் கார்டைக் கூட்டிவந்து, நாள் முழுக்க லாக் என்ற நடவடிக்கைப் பதிவு எழுதும் குமாஸ்தா வேலைக்கு வைத்துவிட்டோம். போதாததற்கு நான் நிமிடத்துக்கு ஒரு வரி வேறு. நூறு பைட் வரிதானே என்று நினைத்தேன். அந்த நூறு பைட்டுக்காக உள்ளே எவ்வளவு பெரிய பிளாக் இடம் மாறுகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

பேக்கப் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, என் மனத்தில். 'இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட வேண்டும்' என்ற வடிவில்.

உண்மையில் வெப்பநிலை எண்களை விட எனக்கு வேறொன்று உறுத்தியது. மூன்று வருடத்தில் அந்தப் பையில் நான் செய்த சின்னச் சின்னத் திருத்தங்கள். வைஃபை தானாகத் தூங்கிப்போகாமலிருக்க எங்கோ ஒரு வரி சேர்த்தேன். சென்சார் தவறாகப் படித்தால் மூன்று முறை மீண்டும் முயலும்படி ஸ்கிரிப்டில் ஒரு ஒட்டு. பூட் ஆனதும் நேரம் சரியாகும் வரை காத்திருக்க ஒரு தந்திரம். எதையும் எழுதி வைக்கவில்லை. எந்த ராத்திரி, எந்த ஃபைலில் செய்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நல்ல விஷயம்: எழுத விடாத கார்டு படிக்க விடும். ஷட் டவுன் செய்து, கார்டை உருவி, அடாப்டரில் செருகி, லினக்ஸ் லேப்டாப்பில் போட்டேன். அடாப்டரின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானையும் கீழே தள்ளிவிட்டேன். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. உள்ளே இருக்கும் கார்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ரீடர்தான் அதைப் பார்த்து மரியாதை கொடுக்க வேண்டும். சில ரீடர்கள் கொடுப்பதில்லை. ஆனாலும் மனத்துக்கு ஒரு திருப்தி.

விண்டோஸில் செய்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பையின் கார்டில் இரண்டு பார்ட்டிஷன், அதாவது தனித்தனிப் பகுதிகள், இருக்கும். பூட் செய்யும் சின்னது ஃபேட்32 என்ற கோப்பு முறையில், மற்றதெல்லாம் இருக்கும் பெரியது எக்ஸ்ட்4. விண்டோஸுக்கு இரண்டாவது புரியாது. புரியாததால், 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று மிகப் பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம். பிறகு வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற ஒன்றைத் திறந்து 'ரீட்' கொடுத்தால் முழுக் கார்டும் ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, வந்துவிடும். ராஸ்பெரி பை இமேஜர் எழுத மட்டுமே செய்யும், கார்டிலிருந்து இமேஜ் எடுக்க உதவாது. பல பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நான் பயன்படுத்தியது டிடி. யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கும் கட்டளை. எங்கிருந்து என்பதற்கு 'ஐஎஃப்', எங்கே என்பதற்கு 'ஓஎஃப்'. ஐபிஎம்மின் பழைய பெரிய கணினிகளில் வேலைகளை விவரிக்கப் பயன்பட்ட மொழியின் சாயல் இது, அதனால்தான் வேறெந்த யூனிக்ஸ் கட்டளையைப் போலவும் இருக்காது. ஐஎஃப்பில் இருப்பதை பைட் பைட்டாக எடுத்து ஓஎஃப்பில் கொட்டும். அது ஃபைலா, கார்டா, உங்கள் லேப்டாப்பின் டிஸ்க்கா என்றெல்லாம் பார்க்காது. ஒரு கேள்வி கேட்காது. 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

எந்த டிரைவ் எது என்று முதலில் பட்டியலிட்டுப் பார்த்தேன். லேப்டாப்பின் டிஸ்க் எஸ்டிஏ, கார்டு எஸ்டிபி. ரொம்ப நாள் நான், எஸ்டி கார்டு என்பதால்தான் எஸ்டிபி என்று வருகிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 'எஸ்டி' ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையின் டிஸ்கிலிருந்து வந்தது, கார்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சொல்லப்போனால் பையின் சொந்தத் துளையில் இருக்கும்போது அதே கார்டுக்கு எம்எம்சிபிஎல்கே0 என்று முற்றிலும் வேறு பெயர். பெயரை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். 29.7 ஜிபி என்று காட்டுகிறதா, அதுதான் 32 ஜிபி கார்டு.

ஐஎஃப்பில் எஸ்டிபி, ஓஎஃப்பில் ஒரு இமேஜ் ஃபைல். முன்னேற்றம் காட்டும்படி சொல்லி என்டர் தட்டினேன். நொடிக்கு 20 எம்பி சுமார். 27 நிமிடத்தில் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பழைய கார்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, புது 32 ஜிபி கார்டைப் பிரித்து ரீடரில் செருகினேன்.

இப்போது மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்தபோது ஒரு நொடிகூட ஆகவில்லை. டெர்மினலில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது. இதே டிடியைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டும், ஐஎஃப்பில் இமேஜ், ஓஎஃப்பில் கார்டு. முழுதும் தட்டச்சு செய்வானேன், முந்தைய கட்டளையை வரவழைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கட்டளை வந்தது. என் வலது கை சுண்டுவிரல், திருத்த வேண்டும் என்ற நினைப்பு மூளையிலிருந்து புறப்பட்டு வந்து சேருவதற்குள், என்டரைத் தட்டிவிட்டது.

எண்கள் ஓட ஆரம்பித்தன. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'புதுக் கார்டு பரவாயில்லையே, நொடிக்கு 80 எம்பி எழுதுகிறதே' என்று ஒரு பெருமிதம்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த விலைக் கார்டில் எழுதும் வேகம் 80 வராது. படிக்கும் வேகம் வரும்.

கன்ட்ரோல் சி அடித்தேன். இமேஜ் ஃபைல் 2.1 ஜிபி இருந்தது. திறந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பூஜ்யம். புதுக் கார்டின் வெறுமையை எடுத்து மூன்று வருட இமேஜின் மேல் கொட்டியிருக்கிறேன். உடனே நிறுத்தியிருந்தால் மட்டும் என்ன? ஓஎஃப்பில் கொடுத்த ஃபைலைத் திறக்கும் போதே டிடி அதைப் பூஜ்ய நீளத்துக்கு வெட்டிவிடும். என்டர் தட்டிய கணத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தேய்ந்து செத்த கார்டால் போனது 9 நாள், அதாவது 12,960 வரி. என் சுண்டுவிரலால் போனது 29.7 ஜிபி.

மேசை மேல் பழைய கார்டு இருந்ததால் இந்தக் கட்டுரை இன்னும் நீள்கிறது. அதை ஃபார்மேட் செய்து வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். எழுத விடாத கார்டு ஆனதால் அதுவும் முடியாமல் போனது என் அதிர்ஷ்டம். மறுபடி ரீடரில் போட்டு, இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்து, இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டினேன். 9 ஜிபியில் 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்று நின்றது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் படித்த கார்டு. கடைசிக் காலத்தில் இருக்கும் ஃபிளாஷ் இப்படித்தான், ஒருமுறை தரும், அடுத்த முறை தராது. கார்டைத் திருப்பிப் பார்த்தேன், தொடுமுனைகளைத் துடைத்தேன், வேறு ரீடரில் போட்டேன். அதே 9 ஜிபி.

இதற்கென்றே ஒரு கருவி உண்டு, குனூ டிடிரெஸ்க்யூ. பெயர் ஒன்று போல இருந்தாலும் குணம் வேறு. டிடி பிழை வந்த இடத்தில் சண்டித்தனம் செய்து நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். முதல் சுற்றில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிவிடும். பிறகு திரும்பி வந்து, விட்டுப்போன பகுதிகளை ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுக்கும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் நிறுத்தலாம், கார்டை ஆற விடலாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகக் கிடக்கும் கார்டை முதலில் டிடியால் தொட்டதே தவறு என்று இப்போது படுகிறது. ஒவ்வொரு முறை படிப்பதும் அதற்குச் சுமை. முதல் தடவையே டிடிரெஸ்க்யூ கொடுத்திருக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் மூன்று இடங்களைத் தவிர எல்லாம் வந்திருந்தது. மூன்றும் சேர்த்து 48 கேபி. 29.7 ஜிபியில் 48 கேபி ஒன்றுமில்லைதான், ஆனால் அந்த 48 கேபி தரவுத்தளத்தின் நடுவில் விழுந்திருந்தால்? எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பிளாக் எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. வரைபட ஃபைலில் இருக்கும் இடத்திலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைக் கழித்து, 4,096 பைட்டால் வகுத்தால் பிளாக் எண் வரும். அதை டீபக்எஃப்எஸ் கருவியிடம் கொடுத்தால் முதலில் ஐநோடு எண் என்ற ஃபைலின் உள் அடையாளத்தையும், அதைக் கொடுத்தால் ஃபைலின் பெயரையும் சொல்லும். இரண்டு இடங்கள் காலி இடத்தில் இருந்தன. மூன்றாவது, நான் ஒருமுறைகூடத் திறந்திராத ஏதோ ஒரு எழுத்துரு ஃபைல். மானிட்டரே இல்லாத பையில் அந்த எழுத்துரு மூன்று வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. போனால் போகட்டும்.

உடனே இமேஜுக்கு ஒரு நகல் எடுத்தேன். மூல இமேஜைப் படிக்க மட்டும் அனுமதி என்று மாற்றினேன். மேல் அம்புக்குறியில் இனி எந்தக் கட்டளை வந்தாலும் அதன் மேல் எழுத முடியாது. ரூட் என்ற முழு அதிகார அனுமதியோடு ஓடும் டிடிக்கு இந்தப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. அதனால் நகலை வேறொரு டிஸ்கில் வைத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வேறு அறைக்கே கொண்டுபோய் வைத்தேன். சூடு கண்ட பூனை.

சரி, இனி எழுத வேண்டியதுதான் என்று புதுக் கார்டில் எழுதினால், கடைசி நிமிடத்தில் 'சாதனத்தில் இடமில்லை' என்றது. பழையதும் 32 ஜிபி, புதியதும் 32 ஜிபி. ஆனால் பழையதில் 31,914,983,424 பைட், புதியதில் 31,268,536,320 பைட். வித்தியாசம் 646 எம்பி. 32 ஜிபி என்று அட்டையில் போடுவது ஒரு தோராயம். உள்ளே தேய்மானத்துக்காக எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்பது தயாரிப்பவர் இஷ்டம், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட ஒத்துப்போகாது. இமேஜோ, பழைய கார்டின் கடைசி பைட் வரை நீட்டிப் படுத்திருக்கிறது. பைக்கு முதன்முதலில் உயிர் கொடுக்கும்போதே, கார்டு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குப் பார்ட்டிஷன் தானாக விரிந்துவிடும். வசதிதான். ஆனால் திரும்ப எழுதும்போது அந்தக் கடைசி 646 எம்பி வெளியே தொங்கும்.

சுலபமான வழி, 64 ஜிபி கார்டில் எழுதுவது. பெரிய கார்டில் எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு பார்ட்டிஷனை விரித்துக்கொள்ளலாம். என்னிடம் அப்போது அது இல்லை, பொறுமையும் இல்லை. அதனால் இமேஜைச் சுருக்கினேன். முதலில் கோப்பு முறையைச் சரிபார்க்க வேண்டும், பிறகு அதை உள்ளே இருக்கும் ஃபைல்களின் அளவுக்குச் சுருக்க வேண்டும், பிறகு பார்ட்டிஷனின் எல்லையை உள்ளே இழுக்க வேண்டும், கடைசியில் ஃபைலின் வாலை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் அம்பேல். இத்தனையையும் ஒரே ஸ்கிரிப்டாகச் செய்துவிடும் பைஷ்ரிங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதோடு, அடுத்த முறை பூட் ஆகும்போது பார்ட்டிஷன் மறுபடி விரியும்படியும் ஏற்பாடு செய்துவிடும். நகலின் மேல் ஓட்டினேன். 29.7 ஜிபி இமேஜ் 5 ஜிபிக்குக் கீழே வந்தது. பாதிக்கு மேல் காலி இடத்தைத்தான் அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலி இடம் என்று சொன்னாலும் அது காலி இல்லை. ஃபைலை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், பைட்டுகள் அங்கேயே கிடக்கும். முழு இமேஜ் அந்தக் குப்பையையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். இப்படிச் சுருக்காமல், ஃபைலை இறுக்கும் ஜிஜிப் கருவியை மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஃபைல் ஏன் குறையவே இல்லை என்று தோன்றுவது இதனால்தான். காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு ஜிஜிப் செய்தால் கடகடவென்று இறங்கும். தேய்ந்த கார்டில் அதைச் செய்யாதீர்கள், அது இன்னொரு முழுச் சுற்று எழுத்து. இமேஜில் செய்யுங்கள். இமேஜை இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் எப்போதோ அழித்த கடவுச்சொல் ஃபைலும் அந்தக் குப்பையில்தான் இருக்கிறது.

புதுக் கார்டைப் பையில் செருகி மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கைத்தான் பார்க்க வேண்டும். கார்டைப் படிக்கும்போது அது தாறுமாறாகத் துடிக்கும். துடித்தது. ஒரு நிமிடத்தில் லேப்டாப்பின் ஓரத்தில் கோடு எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட விஷயங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழு இமேஜ் ஒரு அருமையான சோம்பேறி. நான் எதை எங்கே செய்தேன் என்று தெரியாவிட்டாலும் அது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் காப்பாற்றும். அதேபோல, நான் செய்த தவறுகளையும் காப்பாற்றும். ஆனால் அதை அடிக்கடி எடுக்க முடியாது, பையை நிறுத்தி, கார்டை உருவ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பையின் கார்டை அப்படியே டிடியால் இமேஜ் எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. எடுக்கலாம், பல நேரம் பூட் ஆகிவிடும். ஆனால் 27 நிமிடம் படிக்கும்போது, முதல் நிமிடத்தில் படித்த பட்டியலும் இருபதாம் நிமிடத்தில் படித்த ஃபைலும் வெவ்வேறு தருணத்தைச் சேர்ந்தவை. ஓடும் குதிரையின் தலையை ஒரு படத்திலும் வாலை இன்னொரு படத்திலும் எடுத்து ஒட்டியது போல. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலேயே இருக்கும் எஸ்டி கார்டு காப்பியர் இதைவிடத் தேவலை. யூஎஸ்பி ரீடரில் இன்னொரு கார்டைச் செருகினால் ஃபைல் ஃபைலாக நகலெடுக்கும், சின்னக் கார்டாக இருந்தாலும் ஃபைல்கள் அடங்கினால் போதும்.

இப்போது என் பை ராத்திரிதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் லேப்டாப்புக்கு அனுப்புகிறது. தரவுத்தளத்தை நேரடியாக நகலெடுப்பதில்லை. எஸ்க்யூலைட்டுக்கே சொந்தமாக ஒரு பேக்கப் கட்டளை இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலும் முழுமையான நகல் தரும். ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன், இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கட்டும் என்று, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்ற விருப்பத்தைப் போட்டு வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், பையில் ஒரு ஃபோல்டர் காலியானால் அன்று ராத்திரியே நகலும் விசுவாசமாகக் காலியாகும். இப்போது நாளுக்கு ஒரு ஃபோல்டர். மாறாத ஃபைல்களுக்கு முந்தைய நாளின் பிரதியையே இணைப்பாகக் காட்டும் வசதி ஆர்சிங்கில் இருப்பதால் இடமும் அதிகம் ஆகாது.

வெறும் ஃபைல்களிலிருந்து புதுக் கார்டை உருவாக்க முயல்பவர்கள் ஒரு குழியில் விழுவார்கள், நானும் விழுந்தேன். ஃபைல்கள் எல்லாம் சரி, பூட் பார்ட்டிஷனும் சரி, ஆனால் பை எழுந்திருக்காது. பூட் பார்ட்டிஷனில் இருக்கும் சிஎம்டிலைன் என்ற ஃபைலிலும், உள்ளே எஃப்எஸ்டேப் ஃபைலிலும் பார்ட்டிஷனின் அடையாள எண் எழுதியிருக்கும். அது பழைய கார்டின் எண். பை அந்த எண்ணைத் தேடிக்கொண்டே நிற்கும். இரண்டு இடத்திலும் புது எண்ணை எழுதினால் எழுந்துவிடும். டிடி இமேஜில் இந்தத் தொல்லை இல்லை, அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு நோட்டு. காகித நோட்டுதான். எந்த ஃபைலில் எந்த வரியை ஏன் மாற்றினேன் என்று தேதியோடு எழுதுகிறேன். முதல் பக்கத்தில் ஒட்டுநாடா போட்டு அந்தப் பழைய கார்டை ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் டிடி கட்டளையை எழுதி, 'அம்புக்குறி வேண்டாம்' என்று அடிக்கோடிட்டிருக்கிறேன்.

கார்டு தேயும் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தேன். லாக் ஃபோல்டரை ரேமுக்கு மாற்றினேன். சென்சார் எண்களை ரேமில் சேர்த்து வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக எழுதுகிறேன். மின்சாரம் போனால் பத்து வரி போகும், போகட்டும். 'இருக்கியா' ஃபைலும் இன்னும் இருக்கிறது. வாரம் ஒரு முறை ஸ்கிரிப்ட் அதில் அன்றைய தேதியை எழுதி, பையை ரீஸ்டார்ட் செய்து, எழுதியது இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லும்.

போன மாதம் ஒரு ஒத்திகை பார்த்தேன். மிகச் சமீபத்திய இமேஜை உதிரிக் கார்டில் எழுதி, அலமாரியில் சும்மா இருந்த இன்னொரு பையில் செருகி, உதிரி சென்சார் ஒன்றையும் அவசரமாக மாட்டி, மேசை மேல் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு துடித்தது. வைஃபை தானாகச் சேர்ந்தது. லாகின் செய்தேன், எல்லாம் அதனதன் இடத்தில். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தால், திரையின் ஓரத்தில் கோடு 31 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் நடுவே ஏறி இறங்கி, ரம்பப் பல் போல ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பயன்படுத்தும் டிஎஸ்18பி20 வகை சென்சார், மின்சாரம் வந்தவுடன், ஒன்றையும் அளக்காத நிலையில், 85 என்றுதான் சொல்லும். மேசையில் இருந்த சென்சாரின் ஒரு வயர் சரியாக உட்காரவில்லை. ஆனால் நகல் பைக்கு அதெல்லாம் தெரியாது. அதே பெயர், அதே சாவி, அதே ஸ்கிரிப்ட். தான்தான் அசல் என்று நம்பி, நிமிடம் தவறாமல் 85ஐ லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வயரை அழுத்திவிட்டு, நோட்டை எடுத்து எழுதினேன்: ஒத்திகைக்கு முன் அசல் பையை அணைக்கவும்.